செய்கையால் மட்டும் அறியப்படும் அணு: இரத்தக் குருத்தணுவும் ஒட்டுச் சோதனைகளும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணு பத்து நாளைத் தாண்டுவதில்லை. வெள்ளணுக்களில் பெரும்பங்கு வகிக்கும் நியூட்ரோஃபில்களோ ஓரிரு நாளில் மடிந்துவிடுகின்றன. இவ்வளவு வேகமாக அழியும் ஒன்று எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் குறையாமல் இருக்க வேண்டுமானால், தன்னையும் புதுப்பித்துக்கொண்டு மற்ற எல்லா இரத்த அணுக்களையும் பெற்றுத்தரும் ஒரு மூல அணு மஜ்ஜையில் இருந்தாக வேண்டும். அதற்குத் தமிழில் குருத்தணு என்று பெயர். மருத்துவமனை வழக்கில் ஸ்டெம் செல். அது இருந்தாக வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஊகிக்கப்பட்டு வந்தது. 1868இல் கோனிக்ஸ்பெர்க் நகரின் எர்ன்ஸ்ட் நாய்மன், இரத்தம் பிறக்குமிடம் மஜ்ஜையே என்று அறிவித்தார். ஆனால் மஜ்ஜையிலுள்ள கோடானுகோடி அணுக்களில் குருத்தணு எது என்று கேட்டால், நுண்ணோக்கியிடம் அதற்கு விடை இல்லை. குருத்தணு பார்வைக்கு ஒரு சிறு நிணவணுவைப் போலவே இருக்கும். அதற்கெனத் தனி நிறமோ வடிவமோ கிடையாது.

இது வெறும் நூலறிவுக் கேள்வி என்று தோன்றலாம். தென்சென்னைப் புறநகரில் அது அன்றாட வாழ்வோடு பிணைந்த கேள்வியாகிவிட்டது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கீழக்கோட்டையூரில் லைஃப்செல் நிறுவனத்தின் தொப்புள்கொடி இரத்த வங்கி இயங்குகிறது; பிரசவத்தின்போது திரட்டப்படும் இரத்தம் அங்கே திரவ நைட்ரஜனின் குளிரில், சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி வரை, உறைய வைத்துக் காக்கப்படுகிறது. தாம்பரம், மேடவாக்கம், சேலையூர்ப் பகுதிகளில் முதல் குழந்தையை எதிர்பார்க்கும் தம்பதியர் பலருக்கு, மகப்பேறு மருத்துவரின் வரவேற்பறையிலேயே இத்தகைய சேமிப்புத் திட்டங்களின் துண்டறிக்கை கைக்கு வந்துவிடுகிறது. சேமிப்புக்குப்பின் வரும் அறிக்கையில் சிடி34 என்ற பெயரில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதை அறிய வேண்டுமானால், குருத்தணுவை அடையாளம் காண எழுபது ஆண்டுகளாக நடந்த ஒட்டுச் சோதனைகளின், அதாவது ஓர் உடலின் அணுக்களை இன்னோர் உடலில் செலுத்தி அவை வேர்கொள்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகளின், வரலாற்றைப் பார்த்தாக வேண்டும்.

அந்த வரலாறு அணுகுண்டின் நிழலில் தொடங்குகிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுவெடிப்புக்குத் தப்பிய பலர் அடுத்த சில வாரங்களில் இரத்தக்கசிவாலும் தொற்றாலும் இறந்தனர். கதிர்வீச்சு அவர்களின் மஜ்ஜையை அழித்திருந்தது. 1949இல் சிகாகோவின் லியோன் ஜேக்கப்சன், உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சுக்கு ஆளாக்கப்படும் சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தகட்டால் மறைத்துவிட்டால் அந்த எலி பிழைத்துக்கொள்வதைக் கண்டார். (சுண்டெலியில் மண்ணீரலும் இரத்தம் உண்டாக்கும் உறுப்பு, வளர்ந்த மனிதரில் அப்படியில்லை.) 1951இல் எகான் லொரென்ஸும் உடனாய்வாளர்களும் மஜ்ஜையைச் சிரைவழி செலுத்தினாலும் அதே பாதுகாப்புக் கிடைப்பதைக் காட்டினர். பிழைப்பது உறுதியாயிற்று, பிழைக்க வைப்பது எது என்பதில்தான் தகராறு. மஜ்ஜையிலிருந்து கசியும் ஏதோ ஒரு சாறு, எலியின் சொந்த அணுக்களைத் தட்டியெழுப்புகிறது என்று ஒரு சாரார் நம்பினர்; செலுத்தப்பட்ட அணுக்களே குடியேறிப் பெருகுகின்றன என்றனர் மறுசாரார்.

தீர்ப்பு 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லிலிருந்து வந்தது. சார்ல்ஸ் ஃபோர்டும் ஜான் லௌடிட்டும் அவர்களின் உடனாய்வாளர்களும் கையாண்ட உபாயம் எளிமையானது: டி6 என்ற சிறிய, உருவம் மாறிய குரோமோசோமைக் கொண்ட எலிகளின் மஜ்ஜையைக் கதிர்வீச்சுக்கு ஆளான சாதாரண எலிகளுக்குச் செலுத்தி, சில நாள் கழித்து ஏற்ற எலியின் மஜ்ஜை, மண்ணீரல், நிணக்கணுக்களில் பிளந்துகொண்டிருந்த அணுக்களைப் பார்த்தனர். அங்கே அந்தக் குட்டைக் குரோமோசோம் இருந்தது. சாற்றுக்குக் குரோமோசோம் கிடையாது. கொடையளித்த எலியின் அணுக்கள் ஏற்ற எலியின் உடலில் வேர்கொண்டிருந்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குறியிட்ட அணுவைச் செலுத்து, பிறகு குறியைத் தேடு என்ற இந்த இரண்டு படிநிலைதான் அதன்பின் வந்த எல்லாச் சோதனைகளுக்கும் எலும்புக்கூடு; மாறியது குறி மட்டுமே.

எனினும் குடியேறியவை பல்வேறு வகை அணுக்களாகவும் இருக்கலாம். ஒன்று சிவப்பணுவுக்கு, ஒன்று தட்டணுவுக்கு என்று தனித்தனி மூலங்கள் இருந்திருக்கலாம். ஒரே அணுவிலிருந்து எல்லாம் வருகிறதா என்ற கேள்வியை எண்ணிக்கையாக மாற்றியவர்கள் டொரோண்டோவின் ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜேம்ஸ் டில்லும் மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லாக்கும் ஆவர். கதிர்வீச்சுக்கு ஆளான எலிகளுக்கு அளந்தெடுத்த மஜ்ஜை அணுக்களைச் செலுத்தி, பத்துப் பதினோரு நாள் கழித்து மண்ணீரலை எடுத்து, போயின் கரைசல் எனப்படும் மஞ்சள் பதப்படுத்தியில் இட்டபோது, உறுப்பின் மேற்பரப்பில் வெளிறிய மஞ்சள் முடிச்சுகள் துருத்திக்கொண்டு தெரிந்தன, வெறுங்கண்ணாலேயே எண்ணிவிடலாம். செலுத்திய அணுக்களின் எண்ணிக்கை இருமடங்கானால் முடிச்சுகளும் இருமடங்காயின. தோராயமாகப் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒரு முடிச்சு. வரைபடத்தில் நேர்கோடாக விழும் இந்த உறவைத்தான் 1961இல் அவர்கள் வெளியிட்டனர். இரண்டு அணுக்கள் கூடினால்தான் ஒரு முடிச்சு உருவாகும் என்றிருந்தால் கோடு வளைந்திருக்கும். நேர்கோடு ஒற்றை அணுவைச் சுட்டியது.

சுட்டியதே தவிர நிறுவிவிடவில்லை. 1963இல் அவர்களின் மாணவர் ஆன்ட்ரூ பெக்கர், செலுத்தப்படும் அணுக்களையே கதிர்வீச்சால் சிதைத்து, அணுவுக்கு அணு வேறுபடும் குரோமோசோம் முறிவுகளை உண்டாக்கினார். ஒரு முடிச்சில் பிளந்துகொண்டிருந்த அணுக்களில் ஒரே முறிவு திரும்பத்திரும்பக் காணப்பட்டது. ஆகவே முடிச்சு முழுவதும் ஓர் அணுவின் வம்சம். அதே ஆண்டு லூயி சிமினோவிச் அவர்களுடன் சேர்ந்து, முடிச்சுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து வேறு எலிகளுக்குச் செலுத்தினார். சில முடிச்சுகள் புதிய முடிச்சுகளைத் தந்தன; சில எதையும் தரவில்லை; சில ஏராளமாகத் தந்தன. சராசரியைச் சுற்றி ஒழுங்காகச் சிதறாமல் இவ்வளவு ஏறுக்குமாறாக விரிந்த அந்த எண்களிலிருந்து, அணுவொன்று பிளக்கும்போது தன்னைப் புதுப்பிப்பதா, முதிர்ச்சிக்கு இறங்குவதா என்பது ஓரளவு தற்செயலாகவே நிகழ்கிறது என்ற கருத்து உருவாயிற்று. குருத்தணுவுக்கு இன்றும் சொல்லப்படும் இலக்கணத்தின் இரு பாதிகளும், அதாவது தன்னைப் புதுப்பித்தலும் பலவகை அணுக்களைப் பெறுதலும், இந்த இரண்டு ஆண்டுக்குள் சோதனை வடிவம் பெற்றுவிட்டன. இத்துறையில் இதற்கு ஈடான ஆண்டுகள் வேறில்லை.

ஆயினும் முடிச்சை உண்டாக்கிய அணு உண்மையான குருத்தணு அன்று என்பது பின்னாளில் தெரியவந்தது. 1982இல் மரியா மாலி, நார்மன் இஸ்கோவ் முதலானோர் ஒரே எலியின் மண்ணீரலை வெவ்வேறு நாள்களில் கண்காணித்தபோது, எட்டாம் நாள் தெரிந்த முடிச்சுகள் பன்னிரண்டாம் நாளுக்குள் மறைந்து, வேறிடத்தில் வேறு முடிச்சுகள் முளைத்திருந்தன. 1990இல் ரிச்சர்ட் ஜோன்ஸின் குழு, அணுக்களை அளவின் அடிப்படையில் பிரித்து, மண்ணீரல் முடிச்சைத் தரும் அணுக்களும் எலியின் இரத்தத்தை நெடுங்காலம் தாங்கும் அணுக்களும் வெவ்வேறு பங்கில் வந்து சேர்வதைக் காட்டியது. முடிச்சு, குருத்தணுவின் பிள்ளையோ பேரனோ உண்டாக்கியது. டில், மெக்கல்லாக் ஆகியோரின் தர்க்கம் நின்றது. அவர்கள் சுட்டிய அணு இடம் மாறியது.

ஆகவே சோதனையின் கெடு நீண்டது. பத்து நாளில் தெரியும் முடிச்சுக்குப் பதில், நான்கு மாதங்களுக்கு மேலாகியும் ஏற்ற எலியின் இரத்தத்தில் கொடையாளியின் நிணவணு, வெள்ளணு, சிவப்பணு எல்லாமே இருக்கின்றனவா என்று பார்ப்பதும், அந்த எலியின் மஜ்ஜையை எடுத்து இரண்டாவது எலிக்கு மாற்றினாலும் அதே பயன் விளைகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாயின. ஜாக்சன் ஆய்வகத்தின் டேவிட் ஹாரிசன், சோதிக்கவேண்டிய மஜ்ஜையையும் தரமறிந்த மஜ்ஜையையும் கலந்து ஒரே எலிக்குள் செலுத்தி, இரண்டில் எது எவ்வளவு இடம்பிடிக்கிறது என்று போட்டியிட வைத்தார். பின்னர் வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி45 என்ற புரதத்தின் இரு வடிவங்கள் இப்போட்டியில் கொடியாகப் பயன்பட்டன. இதனுடன் சேர்ந்தது கணக்கு. அணுக்களைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பல எலிகளுக்குச் செலுத்திக்கொண்டே போனால், நூற்றுக்கு 37 எலிகளில் ஒட்டு பிடிக்காமல் போகும் அளவொன்று வரும். அந்த அளவில் சராசரியாக ஒரு குருத்தணு இருந்ததாகக் கொள்ளலாம் என்பது பாய்சான் பரவலின் நேரடி விளைவு. கண்ணுக்குப் புலப்படாத அணுவை அது இல்லாமற்போகும் எல்லையை வைத்து எண்ணும் இந்த முறை, இத்துறையின் மிகச் சாதுரியமான கருவி எனலாம்.

1986இல் ஐகர் லெமிஷ்காவும் ரிச்சர்ட் மல்லிகனும் குழுவினரும் ரெட்ரோவைரஸ் ஒன்றைக் குறியாகக் கையாண்டனர். அந்த வைரஸ் ஒவ்வோர் அணுவின் மரபுப்பொருளிலும் வெவ்வேறிடத்தில் பதிவதால், பதிந்த இடமே அந்த அணுவின் வம்சத்துக்கு முத்திரையாகிவிடுகிறது. ஒரே முத்திரை நிணவணுக்களிலும் மஜ்ஜை வழி வெள்ளணுக்களிலும் தென்பட்டபோது, இவ்விரு பெருங்கிளைகளும் ஒரே வேரிலிருந்து வருவது மூலக்கூறு அளவில் உறுதிப்பட்டது.

அடுத்த கட்டம் பிரித்தெடுத்தல். அணுவின் மேற்பரப்புப் புரதங்களுக்கு ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருள்களை ஒட்டி, லேசர் முன் ஒவ்வோர் அணுவாக ஓடவிட்டுப் பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கைக்கு வந்த பிறகு, ஸ்டான்ஃபோர்டின் இர்விங் வைஸ்மன் குழு 1988இல் சுண்டெலி மஜ்ஜையிலிருந்து ஒரு சிறு தொகுதியைப் பிரித்தது. அதில் முப்பது அணுக்களே கதிர்வீச்சுக்கு ஆளான எலிகளில் பாதியைப் பிழைக்க வைத்தன. 1996இல் ஜப்பானின் ஹிரோமிட்சு நகவுச்சி குழு ஒரே ஓர் அணுவைச் செலுத்தி, ஏற்ற எலிகளில் நூற்றுக்கு 21இல் நெடுங்கால ஒட்டைக் கண்டது. 2005இல் ஷான் மாரிசன் குழு வேறு புரதக் குறிகளைக் கொண்டு பிரித்தெடுத்த அணுக்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று தனியாகவே ஒட்டுப் பிடித்தது.

இவற்றுள் 1996ஆம் ஆண்டின் முடிவில் ஒரு நெருடல் உண்டு. துண்டறிக்கை படிப்பவர்கள் அறியவேண்டியதும் அதுவே. வளர்ந்த சுண்டெலியின் குருத்தணுவில் சிடி34 என்ற புரதம் இல்லை, அல்லது மிகக் குறைவு. மனிதரில் நிலைமை நேர்மாறு: 1984இல் கர்ட் சிவின் இனங்கண்ட சிடி34, மனிதக் குருத்தணுக்களிலும் அவற்றை அடுத்த சந்ததி அணுக்களிலும் உண்டு. அப்புரதம் கொண்ட அணுக்களை மட்டும் பிரித்துச் செலுத்தினால் கதிர்வீச்சுக்கு ஆளான பபூன் குரங்குகளில் இரத்தம் மீள்கிறது என்று 1988இல் சியாட்டிலில் காட்டப்பட்டது. ஆகவே மனிதருக்கு அது பயனுள்ள குறிதான். ஆனால் அது குருத்தணுவின் பெயர்ப்பலகை அன்று, குருத்தணு குடியிருக்கும் தெருவின் பெயர்ப்பலகை. மஜ்ஜையில் நூற்றுக்கு ஓரிரு அணுக்கள் அக்குறியைத் தாங்கியிருக்கும். அவற்றில் மிகச் சிலவே ஒட்டுச் சோதனையில் தேறும்.

எவ்வளவு சில என்பதை அளக்க டொரோண்டோவின் ஜான் டிக் வேறொரு வழி கண்டார். மனித அணுவை மனிதருக்குச் செலுத்திச் சோதிக்க முடியாது. எனவே எதிர்ப்புச்சக்தி இல்லாதபடி இனவிருத்தி செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு மனித மஜ்ஜையும் தொப்புள்கொடி இரத்தமும் செலுத்தப்பட்டன. 1997இல் அவரது குழு தந்த கணக்கின்படி, எலியில் ஒட்டுப் பிடிக்கும் மனித அணு, தொப்புள்கொடி இரத்தத்தின் ஒற்றைக்கரு அணுக்கள் 9,30,000க்கு ஒன்றும், மஜ்ஜையில் 30 இலட்சத்துக்கு ஒன்றும், மருந்தால் மஜ்ஜையிலிருந்து இரத்த ஓட்டத்துக்கு வெளியேற்றப்பட்ட அணுக்களில் 60 இலட்சத்துக்கு ஒன்றும் இருந்தது. எலியின் உடல் மனித அணுவுக்கு அந்நிய நிலம் என்பதால் இக்கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒப்பீடு நிற்கிறது. 2011இல் அதே ஆய்வகம் மற்றொரு குறியைச் சேர்த்து, ஒற்றை மனித அணுவால் எலியின் இரத்தத்தை மீட்டுக் காட்டியது.

மருத்துவமனைக் கதை ஆய்வகக் கதைக்கு இணையாக, சில வேளைகளில் முன்னோடியாகவும் நடந்தது. 1957இல் டொனால் தாமஸ் நோயாளிகளுக்கு மஜ்ஜையைச் சிரைவழி செலுத்தினார். அடுத்த ஆண்டு வின்சா அணுவுலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான யூகோஸ்லாவிய ஆய்வாளர்களுக்குப் பாரிசில் ஜார்ஜ் மாத்தே மஜ்ஜை ஏற்றினார். இந்தியாவில் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. தமிழகத்தில் அது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், மம்மன் சாண்டியின் தலைமையில், 1986இல் தொடங்கியது. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச்சோகையுள்ள குழந்தைகளைக் கொண்டு தமிழகமெங்குமிருந்து குடும்பங்கள் வேலூருக்குப் பயணப்பட்ட காலம் அது. இன்று சென்னை நகரிலேயே பல மருத்துவமனைகள் இதைச் செய்கின்றன.

சிகிச்சை அறையில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால், அது ஹார்வெல்லின் எலிச் சோதனையே என்பது விளங்கும். நோயாளியின் மஜ்ஜை கடும் மருந்தாலோ கதிராலோ வெறுமையாக்கப்படுகிறது. குருத்தணு அடங்கிய பை, சாதாரண இரத்தம் ஏற்றுவதைப் போலவே, மார்பருகே பெருஞ்சிரையில் பொருத்திய குழாய் வழியே சொட்டுச்சொட்டாக இறங்குகிறது. உறைநிலையிலிருந்து உருக்கியதாக இருந்தால், உறைகாப்பு மருந்தின் பூண்டு வாடை நோயாளியின் மூச்சில் அன்று முழுவதும் அடிக்கும். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 இலட்சம் சிடி34 அணுக்கள் என்ற கணக்கு முன்கூட்டியே பார்க்கப்பட்டிருந்தாலும், ஒட்டு பிடித்ததா என்பது அன்று எவருக்கும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் தினமும் இரத்தம் எடுக்கப்படுகிறது. நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500ஐ எட்டி மூன்று நாள் அதற்குக் கீழே இறங்காமல் நின்றால்தான் ‘பிடித்துவிட்டது’ என்ற சொல் மருத்துவர் வாயிலிருந்து வரும். பிறகு டிஎன்ஏ சோதனை, வந்திருக்கும் அணுக்கள் கொடையாளியுடையவையா என்று பார்க்கிறது. காலப்போக்கில் இரத்தவகையே கொடையாளியினுடையதாக மாறிவிடுவதும் உண்டு. குறி மாறியிருக்கிறதே தவிர, டி6 குரோமோசோமைத் தேடியவர்கள் கேட்ட அதே கேள்விதான் இங்கும் கேட்கப்படுகிறது.

நோயெதிர்ப்பு அணுக்கள் அனைத்தும் இந்த ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதற்கு மிக வியப்பான மனிதச் சான்று எச்.ஐ.வி. தொற்றிலிருந்து கிடைத்தது. இவ்விடத்தில் தாம்பரம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. 1928இல் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியம், பிற்காலத்தில் நாட்டின் மிகப்பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்களுள் ஒன்றாயிற்று. பெர்லினில் இரத்தப்புற்றுநோய்க்காக 2007இல் டிமதி ரே பிரௌனுக்கு மாற்றப்பட்ட குருத்தணுக்கள், எச்.ஐ.வி. நுழையப் பயன்படும் சிசிஆர்5 என்ற வாயில் பிறவியிலேயே இல்லாத ஒருவரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவர் வைரஸ் எதிர்ப்பு மருந்தை நிறுத்திய பிறகும் வைரஸ் திரும்பவில்லை. 2020இல் அவர் இறந்தது மீண்டெழுந்த இரத்தப்புற்றுநோயால். இதைத் தாம்பரத்து நோயாளிகளுக்கான வழியாகக் காட்டுவது தவறு: அந்த மரபு மாற்றம் தென்னிந்தியரிடம் அரிதினும் அரிது, தினமும் விழுங்கும் மாத்திரை செய்வதை உயிராபத்துள்ள ஒட்டால் செய்ய எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். ஓர் அணுவின் பிறவிக்குணம் அதன் வம்சம் முழுவதற்கும் இறங்குகிறது என்ற உண்மைக்கு அது சான்று, அவ்வளவே.

அதே உண்மையை வேலூர் வேறு வகையில் பயன்படுத்தியுள்ளது. அங்குள்ள குருத்தணு ஆய்வு மையமும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் தலைமையில், ஹீமோஃபீலியா ஏ நோயுள்ள ஐவரின் சொந்தக் குருத்தணுக்களைத் திரட்டி, இரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றில் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தின. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான முடிவுகள், ஒட்டு பிடித்த பின் அவர்களுக்கு ஆண்டு இரத்தக்கசிவு விகிதம் சுழியமாக இருந்ததைக் கூறின. மரபணுவை ஏந்திச்சென்ற லென்டிவைரஸ், லெமிஷ்கா கையாண்ட ரெட்ரோவைரஸின் குடும்பமே. எலியில் அடையாளக் குறியாக இருந்தது மனிதரில் மருந்தாயிற்று.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகும் ஒட்டுச் சோதனைக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அது அணுவை அதன் இயல்பான வாழ்விலிருந்து பிடுங்கி, வெறுமையாக்கப்பட்ட மஜ்ஜையில் போட்டு, உன்னால் என்ன முடியும் என்று கேட்கிறது. அன்றாடம் நீ என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை. 2014இல் ஃபெர்னாண்டோ கமார்கோவின் குழுவும், 2015இல் ஹான்ஸ்-ரைமர் ரோடவால்டின் குழுவும் அணுக்களை எலியின் உடலுக்குள்ளேயே குறியிட்டுக் கண்காணித்தபோது, இடையூறில்லாத உடலில் அன்றாட இரத்தத்தின் பெரும்பங்கைக் குருத்தணுக்களுக்கு அடுத்த நிலையிலுள்ள சந்ததி அணுக்களே தருவதாகத் தெரிந்தது. 2018இல் ஆரோக்கியமான 59 வயது மனிதர் ஒருவரின் அணுக்களில் வாழ்நாள் முழுதும் சேர்ந்த மரபுத் திரிபுகளைக் கொண்டு வம்சாவளி வரைந்த பிரிட்டிஷ் ஆய்வு, 50,000 முதல் 2,00,000 வரை குருத்தணுக்கள் வெள்ளணுக்களை உண்டாக்கி வருவதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வுக்கு ஒட்டு எதுவும் தேவைப்படவில்லை, இயற்கையே குறியிட்டிருந்தது. ஒட்டுச் சோதனை அளப்பது ஆற்றலை. இப்புதிய முறைகள் அளப்பது நடத்தையை. இரண்டும் ஒன்றென எண்ணியது இத்துறையின் நெடுநாள் மயக்கம். எனினும் நோயாளியின் படுக்கையருகே கேள்வி ஆற்றலைப் பற்றியது. வெறுமையான மஜ்ஜையை நிரப்ப முடியுமா என்பதே அங்கு பொருட்டு. ஆகவே மருத்துவத்துக்கு ஒட்டே இன்றும் இறுதித் தேர்வு.

இந்த வரலாற்றைக் கொண்டு தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளைப் பிரித்துக் காணவேண்டும். அந்த இரத்தத்தில் குருத்தணு உண்டு என்பதில் ஐயமில்லை. 1988இல் பாரிசில் எலியான் க்ளூக்மன், ஃபேன்கோனி இரத்தச்சோகையுள்ள சிறுவன் ஒருவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றி அதை நிலைநாட்டினார். அறிக்கையிலுள்ள சிடி34 எண்ணோ குருத்தணுவின் எண்ணிக்கை அன்று. அதற்குரிய தோராயமான அடையாளம். பையிலுள்ளது ஒட்டுப் பிடிக்குமா என்பது பையைப் பிரித்து ஒருவருக்கு ஏற்றும் நாளில்தான் தெரியும். சேமிப்பின் பயனும் யாருக்கு என்பதைப் பொறுத்தது. நோயுள்ள உடன்பிறப்பு வீட்டில் இருந்தால் அடுத்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தம் விலைமதிப்பற்றது. உடன்பிறப்புகளிடையே திசுப்பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோயேதும் இல்லாத குடும்பம் குழந்தையின் சொந்த உபயோகத்துக்கென்று தனியாரிடம் சேமிப்பதை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில் பரிந்துரைக்கவில்லை. காரணம் டி6 குரோமோசோம் கற்பித்த பாடமேதான்: குறி வம்சத்தோடு வருகிறது. தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலுள்ள ஒவ்வொரு குருத்தணுவிலும் அதே தலசீமியா மரபணு இருக்கும்.